வயலின் கற்கும் குழந்தை: முதல் மூன்று ஆண்டுகளில் ஆசிரியர் செய்ய வேண்டியவை

வீணையில் 24 மெட்டுகள் உண்டு. விரலை அந்தந்த மெட்டில் வைத்தால் ஸ்வரம் ஓரளவு சரியாகவே பேசும். வயலினின் விரல்பலகையில் அப்படி எந்த அடையாளமும் கிடையாது. விரல் ஒரு நூலளவு நகர்ந்தாலும் சுருதி விலகிவிடும். ஏழு வயதில் வயலினைக் கையில் எடுக்கும் குழந்தை, முதல் நாளிலிருந்தே தந்திகளைச் சுருதியில் வைத்திருக்க வேண்டும், வில்லை நேராக இழுக்க வேண்டும், ஸ்வரத்தைக் காதால் தேடிப் பிடிக்க வேண்டும், கூடவே தாளமும் போட வேண்டும். இத்தனையையும் ஒரே நேரத்தில் செய்வது அந்த வயதில் நடக்காத காரியம்.

எனவே நல்ல ஆசிரியர் இவற்றில் பெரும்பங்கைத் தாமே ஏற்றுக்கொண்டு, குழந்தை வளர வளர ஒவ்வொன்றாக ஒப்படைக்கிறார். சீக்கிரம் ஒப்படைத்தால் குழந்தை திணறும். தாமதித்தால் ஆசிரியர் இல்லாமல் வில்லைத் தொடவே தயங்கும். வீட்டிலோ சிறிய இசைப் பள்ளியிலோ வயலின் சொல்லிக்கொடுக்கத் தொடங்கும் ஆசிரியருக்கு, எதை எப்போது ஏற்பது, எப்போது கைமாற்றுவது என்பதை இந்த அத்தியாயம் வரிசையாகக் காட்டுகிறது.

கருவியின் அளவு

பெரும்பாலான பெற்றோர், "வளர்ற பிள்ளைதானே" என்று முழு அளவு வயலினை வாங்கிவிடுகிறார்கள். முதல் ஆண்டில் குழந்தைக்கு வரும் சிரமங்களில் பாதி இங்கேயே தொடங்குகிறது. கால், அரை, முக்கால், முழு என்று வயலின் பல அளவுகளில் கிடைக்கிறது. ஐந்தாறு வயதுக்குக் கால் அளவும், ஏழெட்டு வயதுக்கு அரை அளவும், ஒன்பது பத்து வயதுக்கு முக்கால் அளவும் பொதுவாகப் பொருந்தும். வயதைவிடக் கையின் நீளமே முக்கியம். குழந்தை இடது கையை நீட்டும்போது, வயலின் தலைப்பகுதியின் சுருள் உள்ளங்கையில் வந்து அமர வேண்டும். முழங்கை விறைக்காமல், விரல்கள் சுருளைச் சுற்றி மடங்க வேண்டும். பிறகு தரையில் உட்காரவைத்து, சுருள் வலது கணுக்காலில் இயல்பாகத் தங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது சோதனையைக் கடைக்காரர் செய்யமாட்டார். ஆசிரியரே உடன் போவது நல்லது.

*குறிப்பு:* சிறிய அளவு வயலினை ஓரிரு ஆண்டில் மாற்ற வேண்டிவரும். மூத்த மாணவர்கள் விட்டுப்போன கருவிகளை வகுப்பிலேயே வைத்து, புதியவர்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்க ஏற்பாடு செய்தால் பெற்றோரின் செலவு பெருமளவு குறையும்.

முதல் எட்டு வகுப்புகள்

விஜயதசமியன்று தொடங்கினாலும் வேறு நாளில் தொடங்கினாலும், முதல் நாளிலேயே ஸ-ரி-க-ம வாசிக்கவைக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். கீழ்க்கண்ட வரிசை பலன் தரும்.

1. சுருதியோடு பாடுதல். தம்புராவையோ சுருதிப்பெட்டியையோ ஒலிக்கவிட்டு, குழந்தை ஸ-ப-ஸ் பாட வேண்டும். வயலினை இன்னும் தொடக்கூடாது. குழந்தையின் குரலுக்கு வசதியான கட்டையும் வயலினில் வைக்கப்போகும் கட்டையும் வேறாக இருக்கலாம். பாடும்போது குரலுக்கு ஏற்ற சுருதியையே வைத்துக்கொள்ளலாம்.

2. உட்காருதல். சப்பணமிட்டு உட்கார்ந்து, வலது பாதத்தைச் சற்று முன்னே தள்ளி வைக்க வேண்டும். வயலினின் அகன்ற பகுதி இடது தோள் எலும்பை ஒட்டியும், சுருள் வலது கணுக்காலின் மேலும் இருக்கும். கருவியின் பாரத்தை மார்பும் காலும் தாங்குவதால் இடது கை மேலும் கீழும் தாராளமாக ஓட முடிகிறது. கமகத்துக்கு இந்தச் சுதந்திரம் அவசியம். குழந்தை இடது கையால் கருவியைத் தாங்கத் தொடங்கினால், உட்காரும் விதத்தில் தவறு இருக்கிறது.

3. வில்லைத் தனியாகப் பிடித்தல். வயலினைப் பக்கத்தில் வைத்துவிட்டு, வில்லை மட்டும் பிடித்துக் காற்றில் மெல்ல அசைக்கச் சொல்ல வேண்டும். கட்டைவிரல் சற்று மடங்கியும், மற்ற விரல்கள் தளர்ந்தும் இருக்க வேண்டும். கட்டைவிரல் நுனி வெளுத்தால் பிடி இறுக்கம் என்று அர்த்தம்.

4. திறந்த தந்தியில் வில். இரண்டாம் தந்தியான மத்திய ஸ்தாயி ஸட்ஜத்தில் தொடங்கலாம். நான்கு எண்ணிக்கைக்கு ஒரு வில் கீழே, நான்கு எண்ணிக்கைக்கு ஒரு வில் மேலே. அது படிந்தபின் முதல் தந்திக்குப் போய்ப் பஞ்சமம். ஆசிரியர் உடன் வாசிக்க வேண்டும்.

5. இடது கை. வில்லின் ஒலி சீராக வந்த பிறகே முதல் விரல்.

ஐந்தாம் படிக்கு வர எட்டு வகுப்புகள்கூட ஆகலாம். "இன்னும் சரளி வரிசையே ஆரம்பிக்கலையே?" என்று பெற்றோர் கேட்பது இயல்பு. முதல் நாளிலேயே அவர்களை உட்காரவைத்து இந்த வரிசையை விளக்கிவிட்டால் அந்தக் கேள்வி குழந்தையின் மேல் பாரமாக விழாது.

சுருதி சேர்ப்பது இந்தக் கட்டத்தில் முழுக்க ஆசிரியரின் பொறுப்பு. குழந்தை வகுப்புக்கு வருமுன் கருவி ஸ-ப-ஸ-ப என்று துல்லியமாகச் சேர்ந்திருக்க வேண்டும். சேராத கருவியில் பயிலும் குழந்தையின் காது, பிசகையே சரி என்று பழகிக்கொள்ளும். பின்னால் அதை மாற்றுவது பெரும்பாடு.

மாயாமாளவகௌளையும் அந்தர காந்தாரமும்

புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் பாடமுறையில் ஆரம்பப் பாடங்கள் மாயாமாளவகௌளையில் அமைந்திருப்பது வயலினுக்குப் பெரிய வசதி. ஸட்ஜம் இரண்டாம் தந்தியில் திறந்து ஒலிக்கும். ரி, க, ம மூன்றும் அதே தந்தியில் முதல், இரண்டாம், மூன்றாம் விரல்களுக்கு வரும். பஞ்சமம் முதல் தந்தியில் திறந்து ஒலிக்கும். த, நி, மேல் ஸ ஆகியவையும் அதே மூன்று விரல்களுக்கு, அதே இடைவெளிகளில் வரும். ஒரு தந்தியில் கற்ற கையமைப்பை அப்படியே அடுத்த தந்திக்குக் கொண்டுபோகலாம். இதைக் குழந்தை தானே கண்டுபிடிக்கும்படி விட வேண்டும். "ப-த-நி-ஸ-வுக்கு விரல் எங்க வைக்கணும்னு நீயே தேடிப் பாரு" என்று சொல்லிக் காத்திருந்தால் போதும். கண்டுபிடித்த குழந்தையின் முகத்தில் வரும் மலர்ச்சியை எந்தப் பாராட்டும் கொடுத்துவிடாது.

சிக்கல் ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுவில் இருக்கிறது. சுத்த ரிஷபம் ஸட்ஜத்தை ஒட்டியே இருக்கும். அந்தர காந்தாரமோ அதிலிருந்து வெகு தள்ளி, மத்யமத்தை ஒட்டி இருக்கும். முதல் விரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் நடுவே அவ்வளவு அகலம் விரிவது சின்னக் கைக்குக் கடினம். அதனால் காந்தாரம் கீழே இறங்கியே ஒலிக்கும். ஆரம்ப மாணவர்களில் பெரும்பாலோரிடம் இந்தப் பிசகு இருக்கிறது. இதை எப்படிக் கையாள்கிறார் என்பதிலேயே ஆசிரியரின் தன்மை தெரிந்துவிடும்.

"தப்பு, மறுபடி" என்று சொன்னால் குழந்தைக்கு எது தப்பு என்று தெரியாது. விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தால், அந்த ஒரு தடவை மட்டும் சரியாக வரும். காதைக் கொண்டு திருத்தும் முறை வேறு.

1. வாசிப்பதை நிறுத்திவிட்டு ஸ-ரி-க-ம-வை இருவரும் சேர்ந்து பாட வேண்டும்.
2. ஆசிரியர் வயலினில் காந்தாரத்தை ஒரு தடவை சரியாகவும், ஒரு தடவை வேண்டுமென்றே இறக்கியும் வாசித்து, எது சரி என்று கேட்க வேண்டும்.
3. குழந்தை முதலில் மத்யமத்தில் மூன்றாம் விரலை வைத்து நிலைநிறுத்தி, அதன் பக்கத்தில் ஒட்டினாற்போல் இரண்டாம் விரலை வைத்துக் காந்தாரத்தை வாசிக்க வேண்டும். மேலிருந்து இறங்கி வரும்போது இடம் எளிதாகக் கிடைக்கும்.
4. பிறகே ஸ-ரி-க-ம ஆரோகணம்.

இந்த நேரத்தில் வகுப்பில் நடக்கும் பேச்சு இவ்வளவுதான் இருக்கும்:

"இப்ப வாசிச்ச காந்தாரம் எப்படிடா கண்ணா இருந்தது?"

"கொஞ்சம் கீழ இருந்துச்சு மிஸ்."

"சரி, அப்ப எந்தப் பக்கம் தள்ளணும்?"

பதில் சொல்லும்முன்பே குழந்தையின் விரல் நகர்ந்துவிடும். தன் பிசகைத் தானே கேட்கத் தெரிந்த குழந்தைக்கு வீட்டில் ஆசிரியர் பக்கத்தில் இல்லாத நாட்களிலும் பாடம் தொடர்ந்து நடக்கிறது.

விரல்பலகையில் அடையாள நாடா ஒட்டுவது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. கண்ணால் பார்த்து விரல் வைக்கும் பழக்கம் ஏற்பட்டுவிட்டால் பின்னாளில் கமகம் பிடிப்பது சிரமம். கை மிகவும் தடுமாறும் குழந்தைக்கு மட்டும், மத்யமத்துக்கு ஒரே ஒரு மெல்லிய அடையாளம் வைத்து, இரண்டு மூன்று மாதத்தில் எடுத்துவிடலாம். ஏழு ஸ்வரத்துக்கும் ஒட்டுவது கூடாது.

வில்லும் மூன்று காலமும்

முதல் காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், ஒரு வில். இரண்டாம் காலத்தில் அதே வில்லுக்குள் இரண்டு ஸ்வரம். மூன்றாம் காலத்தில் நான்கு. வில்லின் வேகம் மாறாமல் விரலின் வேகம் மட்டும் மாற வேண்டும். வேகம் கூடும்போது குழந்தை வில்லையும் சேர்த்து அவசரமாக அறுக்கத் தொடங்கினால், முந்தைய காலத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்புவது தண்டனை என்று குழந்தை நினைக்காதபடி ஆசிரியரும் முதல் காலத்தில் உடன் வாசிக்கலாம்.

ஒலி கரகரத்தால் வில்லின் அழுத்தம் அதிகம். காற்றடித்தாற்போல் வெறுமையாக ஒலித்தால் வில் விரல்பலகையின் மேல் ஏறிவிட்டது. குதிரைக்கும் விரல்பலகையின் முனைக்கும் நடுவே, குதிரைக்கு இணையாக வில் ஓட வேண்டும். எதிரே ஒரு கண்ணாடி வைத்தால் இதைக் குழந்தையே பார்த்துத் திருத்திக்கொள்ளும்.

ஆசிரியர் உடன் வாசிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. எப்போதும் உடன் வாசித்தால் குழந்தை ஆசிரியரின் ஒலிக்குள் ஒளிந்துகொள்ளும். பிசகு இருவருக்குமே கேட்காது. புதிய பாடத்தில் முழுவதும் உடன் வாசிப்பது, அடுத்த வகுப்பில் முதல் ஆவர்த்தம் மட்டும், அதற்கடுத்து தாளம் மட்டும் போடுவது என்று விலகிக்கொள்ள வேண்டும்.

திருத்துவதில் நிதானம்

ஒரு வகுப்பில் ஒரு பிழையை மட்டும் எடுத்துக்கொள்வது சிறந்த வழக்கம். மணிக்கட்டு, விரல், வில், தாளம் என்று நான்கையும் ஒரே மூச்சில் சொன்னால் குழந்தைக்கு ஒன்றும் நிற்காது. எதை முதலில் எடுப்பது என்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது: உடலில் வலியையோ இறுக்கத்தையோ உண்டாக்குவது முதலில், சுருதி அடுத்து, தாளம் அதற்கடுத்து. அழகு கடைசியில்.

பாராட்டும் திட்டவட்டமாக இருக்க வேண்டும். "சூப்பர்" என்பதைவிட, "ஜண்டை வரிசையில் இரண்டாவது ஸ்வரத்தோட அழுத்தம் இன்னைக்கு நல்லா விழுந்தது" என்று சொல்வதைக் குழந்தை வீட்டுக்கு எடுத்துப்போகும். மறுநாள் சாதகத்தில் அதைத் தேடும்.

ஆசிரியர்களிடம் காணப்படும் சில தவறுகள் குழந்தையை வயலினைவிட்டே விலக்கிவிடுகின்றன. அண்ணனோடும் பக்கத்து வீட்டுப் பெண்ணோடும் ஒப்பிடுவது அவற்றில் ஒன்று. குழந்தை வாசிக்கும்போது கைபேசியைப் பார்ப்பது இன்னொன்று. யாரும் கேட்காத வாசிப்பு என்று அந்தக் குழந்தைக்கு உடனே புரிந்துவிடும். அலங்காரம் ஏழும் படியாமலே பெற்றோரின் திருப்திக்காக வர்ணத்துக்கு ஓடுவது மூன்றாவது. கீதத்தில் "வர வீணா", ஸ்வரஜதியில் "ராரவேணு" என்று பாடங்கள் கைக்கு வந்த பின் மோகன வர்ணமான "நின்னுக்கோரி" தொடங்கினால், கை அதைத் தாங்கும். முன்னதாகத் தொடங்கினால் பிசகுகளும் சேர்ந்தே மனப்பாடமாகும்.

வீட்டுச் சாதகம்

லால்குடி ஜெயராமன் தந்தை வி.ஆர். கோபால ஐயரிடம் கற்றார். எம்.எஸ். கோபாலகிருஷ்ணனுக்குத் தந்தை பரூர் சுந்தரம் ஐயர் குரு. டி.என். கிருஷ்ணனும் தங்கை என். ராஜமும் தந்தை ஏ. நாராயண ஐயரிடம் பயின்றார்கள். இந்த வீடுகளில் குரு ஒரே கூரையின் கீழ் இருந்தார். இன்று வாரத்துக்கு இரண்டு வகுப்பு என்பதே அதிகம். மீதி ஐந்து நாள் சாதகம் ஆசிரியரின் காது இல்லாமல்தான் நடக்கிறது. அதனால் வீட்டுச் சாதகத்தை வகுப்பிலேயே ஒருமுறை நடத்திக்காட்ட வேண்டும்.

ஏழெட்டு வயதுக்குக் காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம் போதும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காரவைத்தால் பிற்பாதியில் தோள் சரிந்து, வில் கோணி, தவறான பழக்கம் படியும். நோட்டில் "சரளி வரிசை 1 முதல் 5" என்று எழுதுவதோடு நிற்காமல், எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் ஒரு வரி எழுத வேண்டும்: "மூன்றாம் வரிசை, முதல் காலம், காந்தாரத்தைக் கேட்டுக் கேட்டு." பெற்றோருக்கு இசை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சுருதிப்பெட்டியைப் போட்டுவைப்பதும், பக்கத்தில் உட்கார்வதும் அவர்களின் பங்கு. குறை சொல்வது அவர்களின் பங்கில் இல்லை என்பதை ஆசிரியர் பணிவாகச் சொல்லிவைக்கலாம்.

பாதுகாப்பு

- பிருடையைத் திருகும்போது முகத்தைத் தந்திக்கு நேராக வைக்கக்கூடாது. உருக்குத் தந்தி அறுந்தால் கண்ணைத் தாக்கும். சிறு குழந்தைகள் பிருடையைத் தொடவே வேண்டாம்.
- கணுக்கால், முட்டி, கழுத்து, மணிக்கட்டு எங்கு வலித்தாலும் வாசிப்பை நிறுத்த வேண்டும். கால் மரத்துப்போனால் எழுந்து நடக்கவிட வேண்டும். இரண்டு மூன்று நாள் தொடரும் வலிக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். "வலிச்சாதான் வரும்" என்ற பேச்சுக்கு வகுப்பில் இடமில்லை.
- விரல் வழுக்கி ஓட இடது கையில் தேங்காயெண்ணெய் தடவும் வழக்கம் உண்டு. ஒரு சொட்டு போதும். அது வில்லின் முடியில் படவே கூடாது.
- வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்தி, கருவியின் மேல் படிந்த ரோசின் தூளை மெல்லிய துணியால் துடைக்க வேண்டும்.
- வெயிலில் நிற்கும் காருக்குள் வயலினை விட்டுவைத்தால் பசை விட்டுவிடும். மழைக்காலத்தில் பிருடை ஊதி இறுகும், குளிர்சாதன அறையில் சுருங்கி நழுவும். இறுகியதை வலிந்து திருகாமல், பழுது பார்ப்பவரிடம் கொடுப்பது நல்லது.
- தோளையோ விரலையோ தொட்டுத் திருத்தும் முன் குழந்தையிடம் கேட்க வேண்டும். வகுப்பு நடக்கும் அறையின் கதவு திறந்திருக்க வேண்டும். பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்து உட்காரலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் மேடை

நவராத்திரி கொலு முதல் மேடைக்குப் பொருத்தமான இடம். கேட்பவர்கள் சிலர்தான், எல்லோரும் தெரிந்தவர்கள், ஒரு கீதம் வாசித்தால் சுண்டலும் கிடைக்கும். நன்றாகப் பழகி, தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிக்கும் பாடத்தையே எடுக்க வேண்டும். புதிய உருப்படி வேண்டாம். முதல் நாள் அதே நேரத்தில், அதே உடையில், இரண்டு பேர் முன்னால் ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நடுக்கத்தைக் குறைக்கும். ஆசிரியர் பக்கவாட்டில் வயலினோடு உட்கார்ந்திருக்கலாம். நின்றுபோனால் அடுத்த ஸ்வரத்தை மெல்ல எடுத்துக்கொடுத்துவிட்டு உடனே விலக வேண்டும். வாசிப்பு முடிந்த அன்று பிழைகளைப் பற்றிப் பேசக்கூடாது. அவை அடுத்த வகுப்புக்குரியவை.

போட்டிகளுக்கு அனுப்புவதை மூன்றாம் ஆண்டு வரை தள்ளிப்போடுவது உத்தமம். குழுவாக வாசிக்கும் வாய்ப்புகள் அதைவிடப் பயன்படும். தியாகராஜ ஆராதனையின்போது ஊர் ஊராகப் பஞ்சரத்ன கீர்த்தனைகள் கூட்டாக இசைக்கப்படுகின்றன. மூத்தவர்களின் நடுவே உட்கார்ந்து, தெரிந்த இடங்களில் வாசித்துத் தெரியாத இடங்களில் கேட்கும் குழந்தை ஒரு மணி நேரத்தில் பெறுவது ஏராளம்.

ஒப்படைக்கும் வரிசை

ஒன்பது, பத்து வயதில் அல்லது இரண்டாம் ஆண்டின் முடிவில் சுருதி சேர்ப்பதைக் கைமாற்றத் தொடங்கலாம்.

1. முதலில் ஆசிரியர் சேர்த்ததைக் கேட்டு, "சேர்ந்திருக்கா, இல்லையா?" என்று மட்டும் குழந்தை சொல்ல வேண்டும்.
2. பிறகு நுண்ணிய திருகாணியால் ஒரு தந்தியை மட்டும் சேர்க்கலாம்.
3. நான்கு தந்தியையும் திருகாணியால்.
4. கையில் வலு வந்த பின், பெரியவர் முன்னிலையில், பிருடையால்.

அடுத்து சாதகத்தைத் திட்டமிடுவதை ஒப்படைக்கலாம். நோட்டில் ஆசிரியர் எழுதும் ஒரு வரியை இனிக் குழந்தையே எழுதும். அதன்பின் ஸ்வரப்படுத்துதல்: கேட்டுப் பழகிய எளிய பாட்டு ஒன்றின் முதல் வரிக்கு ஸ்வரத்தைத் தானே கண்டுபிடித்து வாசிக்கச் சொல்லலாம். பாட்டுக்குப் பக்கவாத்தியமாக உட்காரப்போகும் வயலின்காரருக்கு இந்தப் பயிற்சியே அடித்தளம். எவ்வளவு முன்னதாக, எவ்வளவு விளையாட்டாகத் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

வேறு ஆசிரியரிடம் அனுப்பும்போது

குடும்பம் ஊர் மாறலாம். குழந்தையின் தேர்ச்சி ஆசிரியரின் எல்லையைத் தாண்டலாம். அரசு இசைப் பள்ளியிலோ இசைக் கல்லூரியிலோ சேர விரும்பலாம். அப்போது வருத்தத்தைக் குழந்தைமேல் காட்டாமல், ஆசிரியரே முன்னின்று அடுத்த ஆசிரியரிடம் அழைத்துப்போவது முறை. முடிந்த பாடங்கள், வாசிக்கும் கட்டை, கருவியின் அளவு, பின்பற்றிய விரல் முறை, இன்னும் படியாத இடம் எது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டும். ஒவ்வொரு பாணியிலும் விரல் முறையும் வில் முறையும் சற்று மாறும் என்பதால், "அங்கே சொல்லிக்கொடுக்கிறபடி மாத்திக்கோ" என்று குழந்தையிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.